வாங்கிக்கொள்ள ஒரு கை

அவள் கையால் எதைக் கொடுத்தாலும் எங்கள் தெருவில் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். நானும் வாங்கியதில்லை. கொல்லையில் காய்த்தது என்று ஒரு முறை முருங்கைக்காய் கொண்டுவந்தாள். "எங்க வீட்லயும் நெறய கெடக்குதும்மா" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டேன். எங்கள் வீட்டில் முருங்கை மரமே கிடையாது. அது அவளுக்கும் தெரியும். சரிக்கா என்று சிரித்துக்கொண்டே போனாள்.

நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். அவளும் மகனும் திருச்சிப் பக்கம் வீடு மாறிப் போய் நாளாகிவிட்டது. எப்படி இருக்கிறார்கள் என்று யாரையாவது விட்டு விசாரிக்கலாம். விசாரிக்கப் பயமாக இருக்கிறது.

தாம்பாளத்தம்மா என்றுதான் தெருவில் அவளுக்குப் பெயர். அவள் காதுபடச் சொல்ல மாட்டோம். சனிக்கிழமை காலையில் பித்தளைத் தாம்பாளத்தை வாழையிலை போட்டு மூடி, இடுப்போடு அணைத்துக்கொண்டு அவள் படியிறங்கினால் போதும், கோலம் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் மீதிக் கோலத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். தாம்பாளத்தில் எள் இருக்கும், தோல் உளுந்து இருக்கும், நல்லெண்ணெய் இருக்கும். எல்லாம் அவள் மகன் தலையைச் சுற்றி எடுத்தது.

ஒரே மகன். வெளிநாட்டில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் ஒரு நாள் வலிப்பு வந்து விழுந்தான். விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். தஞ்சாவூரில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவள் ஒரு வேளை தவறவிட்டதில்லை. சோசியர் சொன்னதையும் விடவில்லை. சனி பிடித்திருக்கிறது, சுற்றி எடுத்துத் தானமாகக் கொடுத்துவிட வேண்டும், வாங்கிக்கொள்கிறவரோடு அது போய்விடும், கொடுத்த பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். வாங்க ஆள் இல்லாவிட்டால் அது புறப்பட்ட வீட்டுக்கே வந்துவிடும் என்றும் சொல்லியிருந்தார். அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைப் பிடித்து ஆட்டியது.

அவளோடு பேசிக்கொண்டிருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். அவள் காது நம்மிடம் இருக்காது. வீட்டுப் பக்கம் ஏதாவது விழுகிற சத்தம் கேட்கிறதா என்று அதுபாட்டுக்கு அங்கேயே நிற்கும். இடுப்பில் ஒரு கொத்து இரும்புச் சாவி தொங்கும். அவற்றுக்குப் பூட்டு கிடையாது. வலிப்பு வந்தால் அவன் கையில் திணிப்பதற்காக வைத்திருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு முறை யாரோ பால்மாவு டின்னைத் தவறவிட்டார்கள். அது தரையில் விழுந்த சத்தத்தில் இவள் சோப்பு அடுக்கியிருந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தம் இல்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கோயில் வாசலில் உட்காருகிற பெரியவர்தான் ரொம்ப நாள் அவளிடம் வாங்கிக்கொண்டிருந்தார். துண்டை விரிப்பார், அவள் கொட்டிவிட்டு முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவாள். அவருக்கு யார் சொன்னார்களோ, ஒரு சனிக்கிழமை துண்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் அப்போது செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

"எனக்கும் ஒரு புள்ள இருக்கும்மா. அவனுக்கு ஆவாது."

அவள் கொண்டுவந்த தாம்பாளத்தோடு வீட்டுக்குத் திரும்பினாள். அன்றைக்குப் பொழுது சாயுமுன் ரயில்வே கேட் பக்கத்தில் அவன் விழுந்துவிட்டான். கேட் போட்டிருந்ததால் கூட்டம் இருந்தது, யாரோ தூக்கி ஓரமாகப் படுக்க வைத்தார்கள், உயிர் பிழைத்தான். வாங்க ஆள் இல்லாததால்தான் விழுந்தான் என்று அவள் சொன்னாள். மாத்திரை போட்டும் சில சமயம் வரும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். எனக்கு டாக்டர் சொன்னதும் புரிந்தது, அவள் சொன்னதும் புரிந்தது. ராத்திரி படுத்தபோது அவள் சொன்னதுதான் கூட வந்து படுத்தது.

அந்தச் சமயத்தில்தான் மன்னார்குடி ரோட்டு சூப்பர் மார்க்கெட்டில் தானக் கூடை வைத்தார்கள்.

நாங்கள் நிலம் உள்ள குடும்பம். குத்தகைக்காரர் இன்றைக்கும் நெல்லை வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். நான் கடையில் அரிசி வாங்கிச் சாப்பிட்டவள் இல்லை. மளிகை மட்டும்தான் அங்கே வாங்குவேன். ஒரு நாள் போனபோது வாசல் பக்கம் சக்கரம் வைத்த பெரிய கம்பிக் கூடை நின்றது. கடையில் நமக்கு வாங்குவதோடு கூட ஒரு பொருள் வாங்கி அதில் போட வேண்டுமாம். பில் போடுகிற பெண் அதன்மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பாள். சனிக்கிழமை மத்தியானம் வேன் வந்து மொத்தத்தையும் முதியோர் இல்லத்துக்கு ஏற்றிக்கொண்டு போகும்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே மனசாகப் போட்டார்கள் என்று சொல்ல முடியாது. பில் போடுகிற பெண் எல்லார் எதிரிலும் கேட்கிறாள், பின்னால் நிற்கிறவர்கள் பார்க்கும்போது இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை என்று ஒரு சின்ன வயசுப் பெண் என்னிடம் குறைப்பட்டாள். ரிட்டயர் ஆன வாத்தியார் ஒருவர், தானம் நம்முடையது, வியாபாரம் அவர்களுடையது, பேரும் அவர்களுக்கே என்று வரிசையில் நின்று சத்தமாகக் கணக்குச் சொல்வார். சொல்லிவிட்டுப் பருப்புப் பொட்டலத்தைக் கூடையில் போடும்போது, போட்டோ எடுக்க ஆள் வரும்வரை கையை அப்படியே நீட்டிக்கொண்டிருப்பார். பாய் வீட்டு அம்மா ஒருத்தர் தான் போடுவதைக் காகிதத்தில் சுற்றித்தான் போடுவார். கொடுப்பது கொடுக்கிறவருக்கும் படைத்தவனுக்கும் தெரிந்தால் போதும் என்பார். எனக்கு அவர் சொன்னது பிடித்திருந்தது.

என் விஷயம் வேறு. கூடைக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். 'ஆதரவற்ற முதியோருக்கு' என்று ஆரம்பித்தது. கீழே அந்த இல்லத்தின் பேர் இருந்தது. வலங்கைமான் போகிற வழியில் வாய்க்கால் ஓரமாக இருக்கிற அந்த இல்லத்தில்தான் என் தங்கை இருந்தாள்.

அவள் புருஷன் போன பிறகு என்னோடுதான் இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. புத்தி கலங்க ஆரம்பித்ததும் நினைத்த பக்கம் நடந்து போய்விடுவாள். என் மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், என் முழங்காலால் அவள் பின்னாலே ஓட முடியவில்லை. அங்கே கொண்டுபோய் விட்டோம். தெருவில் அதை யாரிடமும் சொல்லவில்லை. காரைக்காலில் புருஷன் வீட்டு உறவோடு இருக்கிறாள் என்று சொல்லியிருந்தேன். நான் உயிரோடு இருக்கும்போது என் தங்கை எப்படி ஆதரவற்றவள் ஆவாள்? அந்தப் பலகையைக் கழற்றி எறியத் தோன்றும். ஆனாலும் போகும்போதெல்லாம் ரவை, அவல் என்று பல் இல்லாத வாய்க்கு ஆகிற பொருளாகப் பார்த்து வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு வருவேன். இல்லத்தில் தனியாக ஒருத்தருக்குக் கொடுக்க விடமாட்டார்கள், மற்றவர்கள் ஏங்கிப்போவார்களாம். எல்லாருக்கும் போகிறதில் அவளுக்கும் போகட்டும் என்று போடுவேன்.

தாம்பாளத்தம்மாவும் கூடைக்கு வாங்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவாள். எள்ளு, தோல் உளுந்து, நல்லெண்ணெய் பாக்கெட். ஸ்டிக்கர் ஒட்டி வாங்கிக்கொள்வாள். ஆனால் கூடையில் போடாமல் தன் துணிப்பையில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். தானப் பொருளையே வீட்டுக்குக் கொண்டுபோகிறாளே, இப்படியும் ஒருத்தி உண்டா என்று முதலில் நினைத்தேன். அடுத்த நாள் காலையில் கடை திறந்ததும் அவள் வந்ததைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிராமல் வந்து, பையைக் கூடைக்குள் கவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். எண்ணெய் பாக்கெட்டில் சிவப்பாக ஒரு துளி காய்ந்திருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீர். உளுந்துப் பொட்டலத்தில் கற்பூர வாசனை.

மூன்று பொட்டலத்தையும் எடுத்து என் பையில் போட்டேன். கொண்டுபோய் வெண்ணாற்றில் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பில் போடுகிற பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"பாட்டி, அதுல போட்டத எடுக்கக் கூடாது. அது இல்லாதவங்களுக்கு."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார்தான் முன்னால் வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார்.

"விடும்மா. அவங்களுக்கும் தேவை இருக்கும்போல. எடுத்துட்டுப் போவட்டும்."

எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்காத சொல் அது. இது தலை சுற்றி எடுத்தது என்று சொன்னால் என்னைப் பைத்தியம் என்பார்கள். என் தங்கை சாப்பிடுகிற இடம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மூன்றையும் எடுத்துக் கூடையில் வைத்துவிட்டு, நான் வாங்கியதையும் அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். வேன் வரும்வரை நின்றேன். கூடையைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். வேன் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி இல்லத்துக்குப் போனேன். தங்கை வெளியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மோவாயில் எண்ணெய் மினுமினுத்தது.

"அக்கா, களி போட்டாங்க. நடுவுல குழி பண்ணி எண்ணெ ஊத்தி. நெறய ஊத்துறாங்க."

கொஞ்ச நாளாகவே அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உளுந்தங்களியாம். வாய்க்கு ருசியாக யாரோ போடுகிறார்களே, புண்ணியவதி என்று முன்பெல்லாம் நானே வாழ்த்தியிருக்கிறேன். இப்போது அந்த மோவாயை முந்தானையால் துடைத்தேன், துடைத்தேன், போகவே இல்லை. டம்ளரில் தண்ணீர் கொடுத்தேன். வாங்குகிற கை நடுங்கியது. தண்ணீர் மடியில் சிந்தியது. அங்கே வேலை பார்க்கிற அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயசானால் அப்படித்தான், ரொம்ப நாளாகவே இருக்கிறது என்றார். இருந்ததா? போன தடவை நான் தண்ணீர் கொடுத்தேனா, கொடுத்தபோது நடுங்கியதா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அதுவும் நடுங்கத்தான் செய்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தாம்பாளத்தம்மா வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுப் படியை அதுவரை நான் மிதித்ததில்லை. மகன் கூடத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல உயரம், நல்ல களையான முகம், நெற்றியில் மட்டும் விழுந்த தழும்பு. "வாங்க பெரியம்மா" என்று எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காராமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தக் கூடையில் போடுவது யார் வாய்க்குப் போகிறது என்று தெரியுமா என்று அவளைக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"தெரியாதுக்கா. தெரியக் கூடாதுன்னுதான் அங்க போடுறேன். முகம் தெரிஞ்சா கை வராது."

கேட்காமலே மேலும் சொன்னாள்.

"அங்க நாப்பது அம்பது பேரு இருப்பாங்களாம். எல்லாருக்கும் பங்கு வச்சுப் போனா ஆளுக்கு ஒரு துளிகூட வராதுல்ல. ஒரு துளி யாரையும் ஒண்ணும் பண்ணாது. ஒரே ஆளு தலைல எறக்குனாத்தான் பாவம். நல்லா யோசிச்சுத்தான் செஞ்சேன்."

சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் கணக்கு சரிதான் என்று எனக்கும் ஒரு நிமிஷம் பட்டது. அவளும் எத்தனை ராத்திரி உட்கார்ந்து யோசித்திருப்பாள். யாருக்கும் கெடுதல் வராமல் பிள்ளையையும் பிழைக்க வைக்க வேண்டும் என்று தேடித் தேடி, கடைசியில் இந்தக் கூடையைக் கண்டுபிடித்திருக்கிறாள். ஆனால் எனக்கு அந்த மோவாய் எண்ணெய்தான் கண்ணில் நின்றது.

"அந்த நாப்பது அம்பது பேர்ல ஒருத்தி என் தங்கச்சி."

அந்தத் தெருவில் வைத்து அதை நான் சொன்னது அப்போதுதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். யார் முகத்தையும் நின்று பார்க்காதவள், கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"அவங்க பேரு என்னங்க்கா?"

சொன்னேன். அதை ஒரு முறை தன் வாயால் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் வந்துவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மகனுக்கு மறுபடியும் வந்ததாக அடுத்த வீட்டில் சொன்னார்கள். பாத்ரூமில் விழுந்து உதட்டில் தையலாம். சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே நான் போய் வாசலில் நின்றேன். பில் போடுகிற பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும் என்று கூடைப் பக்கமே நின்றேன். பிஸ்கட் விழுந்தது, ரவை விழுந்தது, யாரோ சோப்புகூடப் போட்டார்கள். எள்ளு வரவில்லை, உளுந்து வரவில்லை. அவளும் வரவில்லை. வேன் கிளம்பிய பிறகுதான் மூச்சு விட்டேன். விட்ட மூச்சு அடங்குவதற்குள் இன்னொரு பயம் வந்தது. சுற்றி எடுத்திருப்பாள். எடுத்ததை யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படியானால் அது அந்த வீட்டிலேயேதான் இருக்கிறது.

கால் அந்தப் பக்கம்தான் போனது. கதவு திறந்திருந்தது. மகன் உதட்டில் பிளாஸ்திரியோடு தூங்கிக்கொண்டிருந்தான். வாசல் வரைக்கும் உளுந்து வறுத்த வாசனை.

அவள் அடுப்படித் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடிக்கு முன்னால் இருப்புச் சட்டி. சட்டி நிறையக் களி. நடுவில் குழித்து, பாக்கெட் எண்ணெயையும் மொத்தமாக ஊற்றியிருந்தாள். எள்ளை வறுத்து மேலே தூவியிருந்தாள். கையால் அள்ளி அள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ருசித்துத் தின்கிற ஆள் போல இல்லை, மருந்து குடிக்கிறவள் போல. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னம்மா பண்ற?"

"வாங்கிக்கிறேங்க்கா."

சுவரைப் பிடித்து எதிரில் உட்கார்ந்தேன். பெற்றவள் சாப்பிட்டால் பிள்ளைக்கே திரும்பாதா, ஒரே ரத்தம்தானே என்று கேட்டேன். அதையும் சோசியரிடம் கேட்டுவிட்டாளாம். வாங்குகிறவரோடு தங்கிவிடும், வாங்குகிறவர் யார் என்று அதற்குப் பார்க்கத் தெரியாது என்று சொன்னாராம். இவ்வளவு நாள் இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பயந்துகிட்டு இருந்தேன் போல என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். மிச்சம் வைக்கக் கூடாதாம். மிச்சம் வைத்தால் காக்காயோ நாயோ, ஏதாவது வாயில் வைத்துவிடும்.

பாதி போனதும் அவளுக்கு முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. கூடத்தில் அவன் தூக்கத்தில் புரண்டு படுத்தான். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பார்கள் என்று என் மனசில் ஓடியது. பயந்துகொண்டேதான் கையை நீட்டினேன். எப்படி நீட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"இப்படிக் கொண்டா. பாதிய நான் சாப்பிடுறேன்."

அவள் சட்டியை இழுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. உங்க தங்கச்சிக்கு நீங்க இருக்கணும்."

மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தாள். நான் எழுந்து போகவில்லை. விக்கல் எடுத்தபோது தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவிக் கொடுத்தேன். சட்டியை விரலால் வழித்து, விரலையும் நக்கி, ஒரு எள்ளுகூட இல்லாமல் முடித்தாள். சட்டியைத் தள்ளி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எத்தன சனிக்கிழமைன்னு சோசியரு சொல்லலக்கா."